அசைந்தவர்

நாலு தகடுகள் வந்தன,
குமிழுறைக்குள் சில்லிட்ட அலுமினியம்.
செந்தூலில் பதினேழாவது மாடி.
சோபா இன்னும் வாங்கவில்லை,
சுவர் மட்டும் நிறைய இருந்தது.

நூறாண்டுக்கு முந்திய ஏதோ பொருட்காட்சி.
முக்காலியில் காமிராவை நிறுத்தி
யாரோ மூச்சடக்கி எடுத்த படங்கள்.
வெள்ளீயக் கட்டிகளை அடுக்கி எழுப்பிய ஒரு வளைவு.
துவைத்துப் போட்ட வேட்டிகளாய்
ரப்பர் ஷீட்டுகள் தொங்கும் கொட்டகை.
முதற்பரிசு வாங்கிய அன்னாசி;
அதைச் சுற்றிக் கோட்டு மாட்டிய நடுவர்கள் நால்வர்,
பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.
பிறகு ஒரு நீராவி உருளை, தன்னந்தனியாக.

"ஒரு பூப்படம் போதாதா?" என்றான் தயாபரன்.
பூ பிடிக்காது என்றில்லை.
எத்தனை மூட்டை, எத்தனை கம்பி என்று
கட்டடக் கணக்கிலேயே நாளைக் கழிப்பவளுக்கு
யாரோ அடுக்கிக் காட்டிய பொருள்களின் மேல்
ஒரு சபலம்.

ஈய வளைவின் இடப்பக்கக் காலருகே
ஒரு புகை.
காகிதத்தின் கறை என்றுதான் நினைத்தேன்.
சிகாம்புட் கடையில்
சியூ திரையில் பெரிதாக்கியபோது
புகைக்கு இரண்டு பாதங்கள் இருந்தன.
வெறும் பாதங்கள். அவை நின்றிருந்தன.
கணுக்காலுக்கு மேலே எல்லாம்
அசைந்துவிட்டிருந்தது.

படத்தடியில் குறிப்பு உண்டு:
வளைவு இத்தனை டன்.
நடுவர்கள் இன்னார் இன்னார்.
நான் பழக்கதோஷத்தில் போட்டுப் பார்த்தேன்:
கட்டியின் எடை, தூக்கும் உயரம், வெயில்.
நாலு ஆள், மூன்று நாள்.
சாரம் கட்டக் கூலி தனி.

சியூ நல்ல மனிதர்.
கேட்காமலே துடைத்து அனுப்பியிருந்தார்.
"பெர்சே, மேடம்! காசு வேண்டாம்."
பாதங்கள் இருந்த இடத்தில் இப்போது தரை,
பக்கத்துத் தரையிலிருந்து எடுத்து ஒட்டியது.
அதே கூழாங்கற்கள்
அதே வரிசையில் இரண்டு முறை.

திரும்ப அடிக்கச் சொன்னேன்.
"அழுக்கோடவா?"
"அழுக்கோட."
நூற்றெண்பது ரிங்கிட்.
தயாபரனிடம் நூறு என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை துளையிட்டோம்.
செங்கல்தூள் தரையெல்லாம் குங்குமமாய்.
மூன்றாம் துளையில் கதவு தட்டப்பட்டது:
பக்கத்து வீட்டு நோராய்னி,
இடுப்பில் தூக்கம் கலைந்த குழந்தை.
ஐந்து மணிக்கு மேல் துளைக்கக்கூடாது, தெரியாதா?
மன்னிப்புக் கேட்டோம்.
போகத் திரும்பியவள் வளைவின் முன் நின்றாள்.
டன் கணக்கான ஈயத்தை விட்டுவிட்டுப்
புகையைக் காட்டிக் கேட்டாள்,
"யார் இது?"
"தெரியாது."
"வேலை இருந்திருக்கும்," என்றாள்,
குழந்தையை மறுஇடுப்புக்கு மாற்றியபடி.
"மற்றதை நாளைக்குத் துளையுங்கள்."

நாலாவது படம், அந்த உருளை,
இன்னும் செருப்பு அலமாரி மேல் சாய்ந்திருக்கிறது.
யுகன் குளிர்பெட்டியிலிருந்து
காந்த மீனைக் கழற்றி வந்து
வளைவின் மேல் வைத்தான். விழுந்தது.
இன்னொரு முறை. விழுந்தது.
"இரும்பில்லையா?"
"இல்லை."
"ஈயமா?"
"அதுவும் இல்லை. படம்தான் ஈயம்."
அவனுக்கு இது மோசடியாகப் பட்டது.
எனக்கும் சற்று.

துடைத்த தகட்டை வீசவா முடியும்?
சூடு தாங்கும் என்று சியூ சொன்னதால்
அடுப்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டோம்.
நேற்று ரசம் தாளிக்கையில்
கடுகு வெடித்து எண்ணெய் தெறித்தது.
சுத்தமான அந்தத் தரையில்
விரலளவு பழுப்பாக ஒன்று, மெல்லக் கீழே வழிந்து.
சரியாக அந்த இடத்தில் இல்லை.
இரண்டு விரற்கடை தள்ளி.

துணியை நனைத்துப் பிழிந்து
கையில் வைத்திருந்தேன்.
ரசம் நுரை கட்டியது.
அடுப்பை அணைத்தேன்.