சிவப்புக் கதவு

பதினேழு வருடம் பேருந்து ஓட்டினேன்.
டண்டீயின் எந்த மேட்டில் பனி உறையும்,
எந்த வளைவில் எந்தக் கிழவர்
கைத்தடியை நீட்டி நிறுத்துவார்
என்பதெல்லாம் என் வலது காலுக்குத் தெரியும்.

ஜனவரியில் ஒரு விடிகாலை
பணிமனையில் கருவியை நீட்டினார்கள்.
ஊதினேன்.
நேற்றிரவு இன்னும் முடியவில்லை
என்றது கருவி.
சாவியை மேசையில் வைத்தேன்.
யாரும் திட்டவில்லை. மேலாளர் லாக்லன்
எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்,
நான் வெளியே போய்ச் சேரும்வரை.

தொலைபேசி எண்ணைத் தங்கை ஒரு தாளில் எழுதித் தந்தாள்.
பதினொரு நாள் சட்டைப்பையில் இருந்தது.
பிறகு சட்டையோடு துவைத்துவிட்டேன்.
கடைசி இரண்டு இலக்கம் கரைந்துபோனதைப் பார்த்து
மன்னிப்பு கிடைத்தவன்போல் உட்கார்ந்திருந்தேன்.
கிர்ஸ்டி மறுபடி எழுதினாள்.
இந்த முறை குளிர்பெட்டியின் கதவில்,
தடித்த பேனாவால்,
நேரே உலோகத்தின்மேல்.

எடுத்த பெண் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.
பின்னால் ஒரு நாய்.
"புதன், ஏழு மணி. ஹில்டவுன் ஏற்றத்துல தேவாலயம்.
பின்பக்கம் வாங்க, சிவப்புக் கதவு.
பிஸ்கட் நல்லா இருக்காது,
இப்பவே சொல்லிடறேன்."

சோடியம் விளக்கின் மஞ்சளில்
சிவப்பு கறுப்பாகிவிடும் என்று
அவள் சொல்லவில்லை.
மூன்று கதவுகள். மூன்றும் கறுப்பு.
ஊரின் எல்லா நிறுத்தமும் தெரிந்தவன்
மழையில் நின்றேன்.

வெளிச்சம் கசிந்த கதவைத் தள்ளினேன்.
வட்டமாக நாற்காலிகள், தேநீர்க் கொப்பரை,
என்னைப் பார்த்ததும் சிரித்த முகங்கள்.
சரிதான், இதுதான்.
கண்ணாடி போட்ட ஒருத்தி கேட்டாள்:
"மேலயா, கீழயா?"
"கீழதான்," என்றேன். "ரொம்பக் கீழ."
தலையசைத்து, கையில் ஒரு தாளைத் தந்து
கடைசி வரிசைக்கு அனுப்பினாள்.

எல்லாரும் எழுந்தார்கள்.
பாடினார்கள்.

வெளியே போயிருக்கலாம். போகவில்லை.
ஒரு மணி நேரம் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.
மூன்றாம் பாட்டில் தவறுதலாக
ஒரு சத்தமும் வந்தது.
தாள்தான் நிற்கவில்லை, என் கையில் படபடத்தது.
பக்கத்தில் நின்றவர் பெரிய ஆள்,
நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட்.
என்னைப் பார்க்காமலே தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.
பாட்டு முடிந்தபின்
கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"நீங்க தேடறது அடுத்த கதவு."

அடுத்த கதவில் நாற்காலிகளை
அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு குடித்தேன்.
அதையும் எழுதிவிடவேண்டும்.

அடுத்த புதன், இரண்டு கதவுக்கும் நடுவில்
அவர் நின்றிருந்தார், ஈரமான தொப்பியோடு.
பெயர் ஃபின்லே என்றார்.
"பாட்டுக்குப் போகலையா?"
"தொண்டை சரியில்ல."
தொண்டைக்கு ஒன்றுமில்லை.
எனக்கு முன்னால் உள்ளே போனார்.

பதினோரு பேர்.
நான் மருத்துவமனை மௌனத்துக்குத் தயாராக வந்திருந்தேன்.
ஒரு பல் மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்தார்:
மகனுக்கு ஒன்பது வயதாகியும்
தள்ளுவண்டியை விற்கவில்லையாம்,
மெத்தைக்கு அடியில் பாட்டில் இருந்ததால்.
"சென்டிமென்ட்டுனு நெனச்சு
என் மனைவி அழுதா," என்றார்.
அறை விழுந்து விழுந்து சிரித்தது, அவரும்தான்.
பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.
பிஸ்கட் நிஜமாகவே நன்றாக இல்லை.

என் முறை.
வழியெல்லாம் பேசிப் பார்த்திருந்தேன்.
"இன்னிஸ்," என்றேன்.
"பஸ்," என்றேன்.
அதற்குமேல் எதுவும் ஏறவில்லை.

யாரும் மணி அடிக்கவில்லை.
தூரத்தில் பையோடு ஓடிவரும் ஒருத்திக்காக
நான் எத்தனையோ முறை செய்ததுபோல்
கதவை மூடாமல் காத்திருந்தார்கள்.

சுவருக்கு அப்பால் போன வாரத்துப் பாட்டு.
கீழ்க்குரலில்
இரண்டு பேர் குறைவு.