குத்தூசி

கையை நீட்டச் சொன்னாள்.
சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பேரைப் படித்துக்கொண்டேன்: ரேணுகா.
"ஊசி போறப்ப மூஞ்சியத் திருப்பிக்கோங்."
திருப்புவேனா?
முப்பத்தெட்டு வருசம் அடுத்தவன் மூட்டையில்
குத்தூசி இறக்கி உருவிப் பார்த்தவன்.
இன்றைக்கு மூட்டை நான்.

ஊதா மூடி போட்ட சின்னக் குழாய்.
"இத்தனைதானா சாம்பிள்?"
"போதுமுங்ணா."

பெருந்துறை ரோட்டில், பல் டாக்டருக்கு மேல்மாடி.
சுழற்றுகிற மெஷினைப் பார்க்கணும் என்றேன்.
கண்ணாடி வழியாகக் காட்டினாள்.
நின்றதும் பார்த்தால்
சிவப்பு அடியில் இறங்கிவிட்டது,
மேலே ஒரு விரற்கடை, தெளிந்த மஞ்சள்.
"ஈரோட்டுக்காரன் ரத்தம், பின்னே?"
சிரித்தாள்.
அந்த மஞ்சளுக்குள்தான் தேடுவார்களாம்,
மூளையிலிருந்து கசிந்து வந்த டௌ என்கிற புரதத்தை.
பிக்கோகிராம் கணக்கு.
ஒரு கிராமை லட்சம் கோடியாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறு.
நான் குவிண்டாலுக்குக் கீழே யோசித்தவனில்லை.

ஏன் வந்தேன் என்றால்,
தை மாசம், ஏலத்தன்று, அறுபத்து நாலாம் லாட்டுக்கு
எல்லாரையும் விடக் கூட்டி எழுதிச் சீட்டுப் போட்டேன்.
பேர் வாசித்தார்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு.
அது என் சரக்கு.
என் கிடங்கிலிருந்து காலையில் நானே ஏற்றி அனுப்பியது.
"தெய்வசிகாமணியண்ணன் குசும்பப் பாருங்" என்றான் ஒருத்தன்.
குசும்புதான் என்று நானும் சிரித்தேன்.
வீட்டில் வசந்தாமணி கேட்டுவிட்டு
அடுப்பை அணைத்தாள்.

கோயமுத்தூரில் டாக்டரம்மா சொன்னார்,
முன்னெல்லாம் முதுகுத் தண்டில் நீர் எடுக்கணும்,
இப்போது ரத்தமே பேசுகிறது.
பேசியது. பாதி.
"நடுவாந்திரமா நிக்குதுங்க.
இருக்குதுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.
கிட்னி சரியில்லாட்டிக்கூட இது ஏறும், அதையும் பாத்துருவோம்.
ஒரு வருசம் போகட்டும், மறுபடி எடுக்கலாம்."
வசந்தாமணிக்குக் கோபம்.
இத்தனை காசை வாங்கிக்கொண்டு நடுவாந்திரமா?
எனக்கு விளங்கியது.
ஒருநாள் விலையை வைத்து
எவன் சந்தையைச் சொல்வான்?

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.
தேதி ஒரு பத்தி, எண் ஒரு பத்தி.
ஒரே ஒரு வரி எழுதியிருந்தது,
அதற்குக் கீழே வெறும் தாள்.
ராத்திரியில் எழுந்து அந்த வெறும் தாளைப் பார்ப்பேன்.

திருப்பூரிலிருந்து மகன்:
"தெரிஞ்சு என்னங்கப்பா பண்ணப் போறீங்க?"
மழை வருது என்று தெரிந்து நாம் என்ன பண்ணினோம்?
களத்தில் காய்ந்ததை வாரினோம். தார்ப்பாய் இழுத்தோம்.
நனைந்தது நனைந்தது.
இது எனக்குத் தோன்றியது
போனை வைத்த பிறகு.

மறு தை.
அதே மாடி, அதே ஊதா மூடி.
அதே பொண்ணு, ரேவதி,
இந்தமுறை மூஞ்சியைத் திருப்பச் சொல்லவில்லை.
நாற்பத்தாறாம் லாட் கதையை அவளுக்குச் சொன்னேன்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே நின்றாள்,
ரொம்ப நேரம்.

ஒன்பதாம் நாள், வசந்தாமணியின் போனுக்கு வந்தது.
கண்ணாடியைத் தேடி மாட்டி
எழுத்தைப் பெரிசு பண்ணி
வாய்க்குள் படித்தாள்.
"என்னவாமா?"
"கூடியிருக்குதுங்."

என் ஆயுசில் அந்த ஒரு சொல்லுக்கு
எத்தனை பேருக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.
"எத்தனை?" என்றேன், பழக்கத்தில்.
சொன்னாள். எழுதிக்கொண்டேன்.
பேனாவை மூடி அவள் பக்கம் தள்ளினேன்.
"நாளைக்கு ஏலத்துல சீட்டு நீ எழுது.
நான் ஒடிச்சுப் பாத்து நெறம் மட்டும் சொல்றேன்."

"நாளைக்கு ஏலம் இல்லீங்.
ஞாயித்துக்கெழமை."

"அப்ப திங்கக்கெழமை" என்றேன்.