ஊற்றிய தண்ணீர்

உள்துறைமுக வீதி மண்டபத்தில் ஒத்திகை.
பரிசோதகர் நிஹாறா
தம்பலகாமத்து வல்லாரைக் கட்டுக்கு மேலே
கருவியைப் பிடித்தாள்.
டிக்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

"மூன்று தரம் அலசுங்கோ. தோலைச் சீவுங்கோ.
உப்புப் போட்டு அவிச்சு
அந்தத் தண்ணியை ஊத்திவிடுங்கோ.
பாலைக் கடைஞ்சு நெய்யாக்கினால்
சீசியம் மோரோட போயிரும்.
அயடீனுக்கு எட்டு நாளில் அரை உயிர்,
பொறுத்திருந்தால் போதும்."

எழுதிக்கொண்டோம்.
பின்வரிசையில் இறால் வியாபாரி தவநேசன் மட்டும்
பேனாவை மூடினான்.

"ஊத்தின தண்ணி எங்க போகும், மிஸ்?"

ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால்
தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது
கடற்பக்கமாய்.

அவள் கருவியை அணைத்தாள்.
நேரம் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலில் இறால்.
அவன் கொடுத்ததுதான்.
ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.