இரட்டை மடிப்பு

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் இரவு.
கோட்டூருக்குத் தெற்கே
கொள்முதல் நிலைய வாசலில்
என் குறுவை நெல்லுக்கு டோக்கன் நாற்பத்தொன்று.
பக்கத்துக் குவியல் நாற்பத்திரண்டு.
இடையில் ஓர் ஆள் படுக்கிற அகலம்.
ஒன்பது நாளாக அதில் நான்தான் படுத்திருந்தேன்.

நாற்பத்திரண்டின் ஆள் மரியசெல்வம்.
அதற்கு முன் பழக்கமில்லை.
கொசுவர்த்தியைப் பாதி ஒடித்துத் தந்திருக்கிறார்,
ஒருமுறை என் டீக்குக் காசு கொடுத்திருக்கிறார்,
அவ்வளவுதான்.
மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று
சாயங்காலம் திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு
வண்டியை முறுக்கிக்கொண்டு ஓடியவர்
எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.
'பாத்துக்குங்க' என்று ஒரு சொல்
சொல்லியிருந்தால் அது பொறுப்பாகியிருக்கும்.
சொல்லாமல் போனதைத்தான்
இன்றுவரை கையில் வைத்துப் புரட்டுகிறேன்.

மணி இரண்டிருக்கும்.
கடல் பக்கமிருந்து கொண்டல் கிளம்பியது,
அதன் பின்னாலேயே மழை.
என் தார்ப்பாய் முப்பதுக்கு இருபது,
வாடகைக்கு எடுத்தது.
விரித்தால் இரண்டு குவியலும் அடங்கும்.
நான் அதை மடித்துப் போட்டேன்.
பழசு, ஓட்டை இருக்கும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அப்போது ஒரு மின்னல்.
நாற்பத்திரண்டு பட்டப்பகல்போலத் தெரிந்தது,
அடையாளத்துக்கு அவர் குத்திவைத்த
பனைமட்டை உட்பட.
பார்க்கவில்லை என்று சொல்ல
அந்த மின்னல் இடம் வைக்கவில்லை.
நாற்பத்துமூன்றுக்காரரும் விழித்துத்தான் இருந்தார்,
அவரும் மூடவில்லை.
அதில் ஓர் ஆறுதல் இருந்தது, விடியும்வரை.
மூலைகளில் கல் வைத்தேன்.
ஓரத்தில் நுழைந்து படுத்தேன்.
தூங்கவும் செய்தேன்,
அதையும் சொல்லிவிடவேண்டும்.

காலையில் வந்தார். கைலியெல்லாம் சேறு.
குவியலின் அடியில் தண்ணீர் கட்டியிருந்தது.
முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார்.
பிறகு என் பக்கம் திரும்பி
'ஒங்க நெல்லு நனையலயே?' என்றார்.

திட்டியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது:
என் கடன், என் தார்ப்பாய், என் வாடகை.
எல்லாம் நியாயம்தான்.
இந்தக் கேள்விக்கு மட்டும் அவை
வேறு பூட்டின் சாவிகளாக இருந்தன.
'பொம்பளப்புள்ள' என்றார், கொஞ்சம் கழித்து.
'ரெண்டே முக்கா கிலோ.'

மெஷினில் எனக்குப் பதினாறரை.
அவருக்கு இருபத்துமூன்று.
ஈரமில்லாதவன் என்று மனிதனை வைகிற ஊரில்
ஈரமில்லாத நெல்லுக்குத்தான் விலை.
நான் பாஸ் ஆகிவிட்டேன்.
ஆனால் சாக்கு வரவில்லை,
இன்னொரு ராத்திரி கிடக்கவேண்டியதாயிற்று.

பகலெல்லாம் தார்ரோட்டில்
அவர் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறினோம்.
'ஒங்களுக்கெதுக்குங்க' என்றார்.
எதற்கென்று சொல்லிவிட
நாலைந்து தடவை வாயெடுத்தேன்.
மன்னார்குடி பஸ் வந்தது. ஒதுங்கினோம்.

அன்றிரவு தார்ப்பாயை முழுசாக விரித்தேன்,
ஒற்றையாக, இரண்டு குவியலுக்கும் சேர்த்து.
மடித்த இடம் வெளுத்துப்போய்
ஒரு கோடாகத் தெரிந்தது,
சரியாக நான் படுக்கிற இடத்துக்கு மேலே.
ஓட்டை ஒன்றுகூட இல்லை.

அவர் அசந்து தூங்கிவிட்டார்.
முதல் துளி விழும் சத்தத்துக்குக்
காது கொடுத்துக் கிடந்தேன்.
விழு, விழு என்றுகூட ஒருதரம் நினைத்தேன்,
நாற்பது குடும்பத்து நெல் திறந்து கிடக்கும் இடத்தில்.

விடியும்வரை ஒரு துளி இல்லை.