காற்றுக்கு முதுகு

விடியாத நாலரைக்குப்
பாலத்தின் மேல் வருகிற எல்லாரும்
சட்டையை முன்பின்னாகத்தான் மாட்டியிருக்கிறோம்.
முதுகில் இருக்கவேண்டிய துணி நெஞ்சில்.
பூட்டாத ஜிப் பின்னால் படபடக்கும்.
காற்று எதிரேதான் வரும்;
முன்னால் போய்க்கொண்டே
அதற்கு முதுகு காட்ட
நாங்கள் கண்ட வழி இது.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஏது குளிர்
என்று கேட்கிறவர்கள்
டிசம்பர் மழை விட்ட கையோடு
கப்சாய் ஓட்டிப் பார்த்ததில்லை.
சட்டைக் கைக்கும் கையுறைக்கும் நடுவே
இரண்டு விரற்கடைத் தோல் எப்படியும் தப்பிவிடும்.
குளிர் அந்த இடத்தைத் தெரிந்து வைத்திருக்கிறது.
திரும்பிப் போகும்போது வெயிலுக்கும்
அதே முகவரிதான்.
எனக்கு அங்கே ஒரு வளையல் விழுந்திருக்கிறது,
கறுப்பின் மேல் இன்னும் கறுப்பாய்.

ஜூரோங்கில் என் வேலை
மைனஸ் இருபத்திரண்டில் மீன்பெட்டி எண்ணுவது.
அயிலை, வௌவால்,
பெயர் வாயில் நுழையாத ஏதோ நோர்வே மீன்.
இருபது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே
என்று நாலு மொழியில் ஒட்டியிருக்கிறார்கள்.
வெளியே என்றால் லாரி மேடை.
மத்தியானம் ஒன்றரை. சிமெண்டு கொதிக்கும்.
புருவத்துப் பனி உருகிக் கன்னத்தில் இறங்க,
"ஏம்மா அழுவுற?" என்பார்கள் ஓட்டுநர்கள்.
முதல் மாதம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சன்ஸ்கிரீன் கேட்டபோது கடைக்காரப் பெண்
என் முகத்தை ஒருதரம் பார்த்து
"உங்க கலருக்கு எதுக்குக்கா?" என்றாள்.
இருபத்தாறு வெள்ளி. வீம்புக்கு வாங்கினேன்.
பூசினால், சாம்பல் பூத்த கத்தரிக்காய்.
சியூ ஹூன் சிரித்துச் சிரித்து
இறால் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.
முழங்கை தாண்டிப் பூப்போட்ட கையுறை அவளுக்கு,
தொப்பி, தொப்பிக்கு மேல் துணி.
சிரிப்பு நின்றதும் மலாயில் சொன்னாள்:
மத்தஹாரி. நாளின் கண்.
அந்தக் கண்ணுக்கு நிறம் தெரியாது, பூசு.
அவள் மூக்கோரம் ஒரு தழும்பு,
ஐந்து காசு அகலத்துக்குத் தோண்டி எடுத்த மாதிரி.
நான் கேட்டதில்லை.

போன செவ்வாய்
உட்லண்ட்ஸில் பெருவிரலை வைத்தேன்.
சிவப்பு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
ஊதி, எச்சில் தொட்டு, தொடையில் தேய்த்து...
பின்னால் நூறு வண்டி ஹாரன்.
ஓரம்கட்டச் சொன்னார்கள்.
ஃபைசால் என்று சட்டையில் எழுதியிருந்த அதிகாரி
என் விரலைப் பிடித்து விளக்கில் திருப்பினார்.
வறண்ட குளம் மாதிரி பாளம் பாளமாய்.
ரேகை இருந்த இடத்தில் வெள்ளைப் பொருக்கு.
"புனிதவதி?" என்றார் திரையைப் பார்த்து.
ஆமாம் என்றது வாய்.
விரல் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

பெயரைக் கேட்டால் சொல்லிவிடலாம்,
பிறந்த தேதியும் சொல்லலாம்.
தோலிடம் கேட்கிறார்கள்.
அதற்குத் தின்னக் கொடுத்தேனா,
போர்த்தினேனா,
ஒரு நாளாவது?

இப்போது வாசலின் டப்பா ஒன்று
சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டோடு.
உள்ளே பருத்தி உறை, வெளியே ரப்பர் உறை.
ராத்திரி பூசிக்கொண்டு
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தூங்குகிறேன்,
பிடிபட்டவள் மாதிரி.
காலையில் எவர்சில்வர் டம்ளரில்
கட்டைவிரலை அமுக்கிப் பார்க்கிறேன்.
வந்திருக்கிறது கொஞ்சம்:
ஒரு சுழி, அதுவும் பாதி.

நேற்று நாலாவது தடவை பச்சை.

சியூ ஹூனிடம்
அந்தத் தழும்பைப் பற்றி
இன்றைக்காவது கேட்கலாம் என்றிருந்தேன்.
கண்டெய்னர் இரண்டு வந்துவிட்டது.
அவள் ட்யூபை என் பக்கம் தள்ளினாள்,
நான் டப்பாவை அவள் பக்கம்.
கதவு திறந்து
வெள்ளைப் புகை எங்கள் கால்வரை வந்தது.