பயணப்படி

கணக்குப் பிரிவு ஜெயசீலி
குண்டூசியைப் பல்லில் கடித்தபடி கேட்கிறாள்:
"ஹெல்சின்கியில இருந்ததே இருபத்தொன்பது மணி நேரம்.
இத்தனை துண்டுச்சீட்டு எங்கிருந்து வந்துச்சு?"

சன்னலுக்கு அந்தப்புறம்
மதிய ஷிப்டின் ரம்பம் பாறைக்குள் இறங்குகிறது.
பர்கூர் சாலையில் இந்த ஆபீஸில் மட்டும்
குசலம் விசாரிப்பதையும் கத்தித்தான் விசாரிப்போம்.

முதல் சீட்டு, துறைமுகக் கிடங்குக்கு டாக்ஸி.
போன வேலை அதுதான்.
நாம் அனுப்பிய நாற்பத்திரண்டு பலகையில்
ஏழில் விரிசல் என்று எழுதியிருந்தார்களே,
நகத்தை ஓட்டிப் பார்த்தேன்.
ஐந்தில் இருந்தது விரிசல் இல்லை, ரேகை.
கல்லுக்குப் பிறவியிலேயே உள்ளது.
இரண்டு நிஜம். ஒப்புக்கொண்டேன்.
பதினொரு மணிக்குள் கையெழுத்தாகிவிட்டது.

மிச்சம் இருபத்தைந்து மணி நேரம்.
முதலாளி ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்,
அவர் மருமகன் இன்னொன்று.
பாலிஷ் பிரிவு நஞ்சுண்டன் மட்டும்
"பனி இருந்தா ஒரு போட்டோ" என்றிருந்தான்.
ஜூன் மாசம், பனி இல்லை நஞ்சுண்டா.
பட்டியல் இரண்டையும்
விடுதி அறையிலேயே வைத்துவிட்டேன்.
மறந்து வைத்தேன் என்று எழுதிக்கொள்.

இரண்டாவது சீட்டு டிராம். நாள் முழுக்கச் செல்லும்.
எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறி
ஏறிய இடம் திரும்ப வரும்வரை இறங்கவில்லை.
ஐந்து ரோடு ரவுண்டானாவைச் சுற்றிய மாதிரிதான்,
ஆனால் இடையில் கடல் வந்து வந்து போனது.
அதே சீட்டில் படகும் உண்டாம், ஒரு தீவுக்கு.
அங்கேயும் ஒரு கோட்டை.
நம்முடையதுபோல மூச்சு வாங்க ஏற வேண்டாம்.
புல்லில் மல்லாந்து ஜனங்கள் வெயில் காய்கிறார்கள்.
நாம் சித்திரையில் ஓடி ஒளிகிற அதே வெயில்,
அங்கே விருந்தாளி.

மூன்றாவது காபி. நான்காவதும் காபி.
கூடவே ஏலக்காய் மணக்கிற ஒரு ரொட்டி.
"ஏலக்காயா? அங்கேயா?" என்கிறாள்.
நானும் கடைக்காரியிடம் அப்படித்தான் கேட்டேன்.
அவள் திருப்பிக் கேட்டாள்,
"ஏன், உங்கள் ஊரிலும் உண்டா?"

விடுதிச் சீட்டைச் சிவப்பு மையில் சுழிக்கிறாள்.
ஒரு இரவு என்று போட்டிருக்கிறது.
எப்படிச் சொல்வேன் இவளிடம்?
பத்து மணிக்கும் வெளியில் நிழல் விழுந்தது.
அப்புறம் சூரியன் போனது,
வெளிச்சத்தை எடுத்துக்கொள்ள மறந்து.
இருட்டட்டும் படுப்போம் என்று உட்கார்ந்து
படுக்காமலே விடிந்துவிட்டது.
இரவைக் கழித்தேன் ஜெயசீலி,
நீ கணக்கில் கழிப்பாயே, அப்படி.
கழித்தும் ஒன்றும் குறையவில்லை.

ஒன்றுக்கு மட்டும் சீட்டு இல்லை.
கடலோரம் ஒரு கல்லறைத் தோட்டம்.
அப்போது ஒன்பது மணி இருக்கும், பட்டப்பகல்.
கல்லறுத்துப் பிழைக்கிறவளுக்குக்
கல்லறையில் என்ன வேலை?
கல்லைப் பார்த்துக்கொண்டே போனேன், அவ்வளவுதான்.
ஏதோ ஒரு வரிசையில் கருஞ்சாம்பல் பலகை ஒன்று.
யார்டில் செய்வோமே, அதுபோல
பாட்டில் தண்ணீரை மேலே சரித்தேன்.
நனைந்ததும் சிவப்பு ரேகை எழுந்து வந்தது.
நம்ம ஊர்ப் பாறை. அல்லது
அதற்குத் தூரத்துச் சொந்தம்.
சத்தியம் செய்ய மாட்டேன்.

பக்கத்தில் பூச்செடிக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தவள்
செத்தவருக்கு நான் உறவு என்று நினைத்தாள் போல,
தன் பூவாளியை நீட்டினாள்.
வாங்கி, மிச்சக் கல்லையும் நனைத்தேன்.
பெயரை எழுத்துக்கூட்டினேன்.
அவள் திருத்தினாள்.
வி-யே-னோ.
மூன்றாம் தடவை சரியாக வந்தது.

"இதுக்கு என்னன்னு எழுத?"
ஜெயசீலியின் பேனா தாளுக்கு மேல் நிற்கிறது.
அந்த நேரம் பார்த்து ரம்பம்
ஒரு பலகையை அறுத்து முடிக்க,
சட்டென்று எல்லாம் ஓய்கிறது.

"தண்ணிச் செலவு" என்கிறேன்,
இன்னும் கத்திக்கொண்டே.