பெண்: அறியப்படவில்லை

மோர்ஸ் தீவின் வெள்ளை மண்ணைப்
பூனைகள் கழிக்கும் தட்டுகளுக்காகத் தோண்டுகிறார்கள்.
மண்ணுக்கு நடுவே
கரிக்கோடு இழுத்தாற்போல் எரிமலைச் சாம்பல்
ஒன்றன்மேல் ஒன்றாக.
அங்கே அகழ் இயந்திரம் ஓட்டும் தோர்கில்
மதியம் கம்பு ரொட்டி தின்றுவிட்டு
ஒரு கல்லைச் சுத்தியலால் தட்டியிருக்கிறான்.
இரண்டாகப் பிளந்தது.
ஒரு பாதியைச் செய்தித்தாளில் சுற்றி
எனக்குத் தபாலில் அனுப்பினான்.
மறுபாதி பற்றி ஒரு வரி இல்லை.

வெறுங்கண்ணுக்கு அது காப்பிக் கறை.
ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால்
சிறகு மேலே வரும்.
பன்னிரண்டு நொடி.
பிறகு உலர்ந்து
கல் மறுபடி கல்லாகிவிடும்.
இன்னொரு சொட்டு. இன்னொரு பன்னிரண்டு நொடி.
அந்தக் குளிர்காலம் முழுக்க
நாங்கள் சந்தித்துக்கொண்டது இப்படித்தான்.

நரம்புகளை எண்ணினேன்.
விளிம்பை ஒட்டி ஓடுவது,
அதற்கடுத்து பாதியில் நின்றுபோவது,
நுனியில் கவைக்கோலாகப் பிரிவது.
நான்காவதிலிருந்து ஒரு குறுக்கு நரம்பு,
இருக்கவே கூடாத இடத்தில்.
உயிரோடிருக்கும் எந்த நீள்கால் ஈக்கும் அது இல்லை.
கல்லாய்ப்போன எதற்கும் இல்லை.
கோபன்ஹேகனின் இழுப்பறைகள் அத்தனையும் திறந்து பார்த்தேன்,
இல்லை.
இரவு பதினொன்றுக்கு ஆய்வகத்தில் தனியாகக் கைதட்டினேன்.
துப்புரவுப் பணியாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எழுதினேன்:
புதிய இனம்.
சிறகு ஆறு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
தலை: பாதுகாக்கப்படவில்லை.
கால்கள்: மூன்று. அதிலும் ஒன்று சந்தேகம்.
நிறம்: கல்லின் நிறம்.
வயிற்று நுனி மங்கல்; ஆண் என்று கொள்ளலாம்.
பெண்: அறியப்படவில்லை.

பெயர் மட்டும்தான் பாக்கி.
தொலைபேசியில் கேட்டேன்:
உங்கள் பெயரை வைக்கட்டுமா?
மறுமுனையில் இயந்திரம் உறுமி அடங்கியது.
"ஈக்கா?
என் தம்பி மாடு வளர்க்கிறான்.
பசைத்தாளில் ஒட்டியதையெல்லாம்
என் பெயர் சொல்லி எண்ணுவான். வேண்டாம்."
கொஞ்சம் பொறுத்து,
"அதோட இன்னொரு பாதி வேணுமா?
சன்னல்ல ஜெரேனியம் தொட்டிக்கு அடியில
முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன்."

பாலம் கடந்து போனேன்.
வயல்களில் பழைய பனி திட்டுத்திட்டாக.
அவன் தொட்டியைத் தூக்கினான், நான் கல்லை எடுத்தேன்.
தண்ணீர் வட்டத்தைத் துடைத்துவிட்டு
சமையலறை மேசையிலேயே
ஒரு சொட்டு விட்டேன்.

அதே சிறகு, கண்ணாடியில் பார்த்தாற்போல்.
விளிம்பு நரம்பு, கவை, எல்லாம்.
குறுக்கு நரம்பு இல்லை.

அது நரம்பே அல்ல.
அவன் சுத்தியல் விட்ட மயிரிழைக் கீறல்.
மூன்று மாதம், மூன்று வகைப் பென்சிலில்,
அந்தக் கீறலுக்கு நிழல் தீட்டியிருக்கிறேன்.
ஈயடிச்சான் காப்பி என்பது
எனக்காகவே உண்டான சொல்.

"அப்ப என்கிட்ட இருக்கிறது பழைய ஈயா?"
பதில் சொல்லவில்லை.
கைவில்லையைக் கண்ணுக்கு நெருக்கினேன்.
சிறகுக்குப் பின்னால்
என் பாதியில் வெறும் மங்கலாக இருந்த இடத்தில்
கூர்மையாக, மேல்நோக்கி வளைந்து
ஓர் அரிவாள் முனை.
முட்டையிடும் ஊசி.
இந்த வளைவையும் நான் எங்கும் கண்டதில்லை.
ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு
இப்போதைக்கு இல்லை.

ஈர மண் தேடிக் கிளம்பியவள்.
காற்று அவளைக் கரையே தெரியாத
கடலுக்குத் தூக்கிப்போயிருக்கிறது.
வயிறு காலியா, நிறைந்திருந்ததா,
கல் அதைச் சொல்லாது.
ஐந்தரைக் கோடி ஆண்டுக்குப் பிறகு ஒருத்தி வந்து
"ஆண் என்று கொள்ளலாம்" என்று எழுதிவிட்டுக்
கைதட்டிக்கொள்கிறாள்.

தோர்கிலும் குனிந்து பார்த்தான்.
மூச்சு பட்டுச் சீக்கிரமே உலர்ந்துவிட்டது.
"போயிட்டா" என்றான்.

முட்டில்லாத தொட்டி சாய்ந்து நின்றது.
அடியில் பூனைமண் பையொன்றை மடித்துச் செருகினான்.
நான் தாளை எடுத்து
குறுக்கு நரம்பை அடித்தேன்.
'புதிய' என்பதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி இட்டேன்.
கடைசி வரியை மாற்றினேன்:
ஆண்: அறியப்படவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
புட்டியை என் பக்கம் நகர்த்தினான்.
"இன்னொரு சொட்டு விடுங்க.
நான் சரியாப் பாக்கல."